தொட்டிலும் தூரிகையும்

நெமிலிச்சேரியில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் பெரியமேடு நடை தூரம்தான். 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி அங்கே இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் டி.கே. பத்மினியை நினைத்துக்கொள்வேன். 1940இல் பொன்னானி அருகே பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் இங்கு வந்து கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றார்.

பணிக்கர் நீர்வண்ண நிலக்காட்சிகளில் தேர்ந்தவர். 1954இல் ஐரோப்பா போய்வந்தவர். வான்கா, கொகேன் போன்றோரின் நிறங்கள் அவர் வழியாகவும் இக்கல்லூரிக்குள் வந்தன. அவர்களுக்கு முன்னோடி இம்ப்ரெஷனிசம். அறையை விட்டு வெளியே வந்து, வெளிச்சம் மாறுவதற்குள் கண்ணில் பட்டதைத் தீட்டும் முறை அது.

ஆனால் வெளியே வருவது யாருக்கு எளிது? பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி 1897வரை பெண்களைச் சேர்க்கவில்லை. பெர்த் மோரிசோவும் அவருடைய அக்கா எட்மாவும் தனி ஆசிரியர்களிடம்தான் கற்றார்கள். நிலக்காட்சி ஓவியர் கொரோ அவர்களில் ஒருவர். 1869இல் மணமானதும் எட்மா தூரிகையைக் கீழே வைத்தார். 1872இல் மோரிசோ தீட்டிய ‘தொட்டில்’ ஓவியத்தில் குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர் அந்த எட்மாதான். 1874இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் அது இடம்பெற்றது. அந்தப் படத்தைத் தாய்மையின் அழகு என்கிறார்கள். எனக்கு அது ஓவியம் வரைவதை நிறுத்திய ஓர் ஓவியரின் உருவப்படம்.

பத்மினிக்குக் கல்லூரியின் கதவு திறந்திருந்தது. மரமும் மலையும் பெண்ணுடலும் ஒரே மண்நிறத்தில் கலந்துகிடக்கும் படங்களைத் தீட்டினார். அவற்றில் நிலக்காட்சி எங்கே முடிகிறது, உருவம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அப்பெண்கள் யாரும் பார்ப்பதற்காக நிற்பவர்கள் அல்லர். மணமான பிறகும் வரைந்தார். 1969இல் பிரசவத்தில் இறந்தார். 29 வயதுகூட நிறையவில்லை.

அதே ஆண்டுகளில் அங்கே பயின்ற ஆதிமூலத்தின் கோடுகளை இலக்கிய இதழ்கள் வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். பத்மினியைப் பற்றி என் வகுப்பில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் முனைவர் பட்டம் முடித்த பிறகுதான் அவர் பெயரைக் கேள்விப்பட்டேன். பயிற்சி தருவதோடு கல்லூரியின் வேலை முடிந்துவிடலாம். பயின்றவளுக்கு ஆயுளும் வேண்டும். அவளுக்குப் பின் அவள் பெயரைச் சொல்ல ஆட்களும் வேண்டும்.

இந்தப் பருவத்தில் பத்மினியின் படங்களோடுதான் என் முதல் வகுப்பைத் தொடங்கினேன்.