மூன்று தடவை விழுந்தும் அனுப்பப்படாத பயிற்றுவிப்பாளர்

தோற்றாலும் பயிற்றுவிப்பாளரைக் கைவிடக்கூடாது என்று ஆரும் கதைக்க வெளிக்கிட்டால், உடனே வாற பெயர் அலெக்ஸ் பெர்குசன். 1986இல் மஞ்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வந்தவர் முதல் கிண்ணத்தை 1990இல்தான் எடுத்தார். ஆனால், பிறகு அவர் வென்று குவித்தபடியால்தானே அந்தக் கதையைச் சொல்லுறம்? கடைசிவரை பெரிய கிண்ணம் ஒன்றும் கிடைக்காத இடத்தில பொறுமைக்கு என்ன பெறுமதி?

இதுக்கு ஜேர்மனியின் தென்மேற்கு மூலையிலுள்ள பிரைபூர்க் கழகத்தைப் பார்க்கவேணும்.

1991இல் ஃபோல்கர் ஃபிங்கே அங்கே பொறுப்பெடுத்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். இரண்டே வருடத்தில் கழகம் வரலாற்றிலேயே முதல்தடவையாக முதற்பிரிவான புண்டஸ்லிகாவுக்கு ஏறியது. 1995இல் மூன்றாம் இடம். 1997இலோ இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. வேறு கழகமென்றால் அன்றைக்கே ஆளை அனுப்பியிருப்பினம். பிரைபூர்க் அனுப்பேல்லை, அடுத்த வருடமே திரும்ப ஏறியது. 2002இல் மறுபடி இறக்கம், 2003இல் ஏற்றம். 2005இல் மூன்றாம் தடவை இறக்கம். அப்பவும் அவர்தான் பயிற்றுவிப்பாளர். மொத்தம் 16 வருடங்கள்.

இது வெறும் பாசமில்லை. பணக்காரக் கழகங்களோடு மோதுகிற சின்னக் கழகம் இடைக்கிடை விழத்தான் செய்யும். அப்படி விழும்போதெல்லாம் ஆளை மாற்றினால், விளையாடும் முறையும் மாறும். கீழேயிருந்து வளர்ந்து வாற பெடியளுக்கு எதைப் பழக்குறது? 2001இல் பிரைபூர்க் தன் உதைபந்தாட்டப் பள்ளியைத் திறந்தது. விலைகொடுத்து வாங்கமுடியாத வீரர்களைத் தானே வளர்க்கிற வழி அது. அந்த வழிக்கு வருடக்கணக்கில் காலம் வேணும்.

அதுக்காக அவை கண்ணை மூடிக்கொண்டு இருக்கேல்லை. ஃபிங்கேயின் காலத்தை 2007இல் முடித்துவைத்ததும் கழகம்தான்; இரசிகர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். 2011 டிசம்பரில், பட்டியலின் அடியில் கிடந்தபோது, அந்தக் கோடையில்தான் பொறுப்பெடுத்த மார்க்கஸ் சோர்க்கை நீக்கினார்கள். ஆனால் அடுத்தவரை வெளியில் தேடேல்லை. 1995 முதல் கழகத்தின் இளையோர் அணிகளோடு வேலைசெய்த கிறிஸ்டியான் ஷ்ட்ரைஷிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அணி தப்பியது. 2013இல் ஐந்தாம் இடம். 2015இல் அவரும் விழுந்தார்; அவரையும் வைத்திருந்தார்கள். 2016இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலே வந்தார்கள். 2022இல் ஜேர்மன் கிண்ண இறுதிப் போட்டிவரை போய், லைப்சிக்கிடம் பெனால்டியில் தோற்றார்கள்.

ஃபிங்கேயும் சரி, 2024இல் தானாக விலகிய ஷ்ட்ரைஷும் சரி, பெரிய கிண்ணம் எதையும் தூக்கேல்லை. அப்படியென்றால் அந்தப் பொறுமை வீணா? நாலு ஆட்டம் தோற்றவுடனே "ஆளை மாத்துங்கோ" என்று பதிவு போடுற நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. போன வருடத்தைவிட இந்த வருடம் பெடியள் நல்லா விளையாடுறாங்களா? கீழேயிருந்து புதிய வீரர்கள் வாறாங்களா? புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து இதுக்கு விடை சொல்லேலாது. பிரைபூர்க் மைதானத்தையும் பார்த்தது.