எஃப்எம்10: நிக்கான் பெயரும் கோசினா உடலும்

நிக்கான் எஃப்எம்10 (1995) ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமராவை 1977இல் வந்த எஃப்எம் மாடலின் மலிவுப் பதிப்பாகக் கொள்ளும் வகைப்பாடு நெடுநாளாகச் செல்வாக்குடன் இருந்துவருகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. எஃப்எம்10, ஜப்பானின் கோசினா நிறுவனம் பல வணிகப் பெயர்களுக்காகத் தயாரித்த ஒரே அடிப்படை உடலின் வேறுபட்ட வடிவம். யாஷிகா எஃப்எக்ஸ்-3 (1979), கேனன் டி60 (1990), ஒலிம்பஸ் ஓஎம்-2000 (1997) ஆகியவையே அதன் உடன்பிறப்புகள்.

மாற்றுத் தரப்பின் முதன்மைச் சான்று தொழில்நுட்ப விவர அட்டவணையில் உள்ள ஒரு வரி: ஃபிளாஷ் ஒத்திசைவு 1/125 நொடி. எஃப்எம்2 (1982) முதலில் 1/200 நொடியையும் பின்னர் 1/250 நொடியையும் எட்டியது. 1977இன் எஃப்எம்மிலோ அது 1/125தான். ஆகவே எஃப்எம்10 மூல மாடலுக்குத் திரும்பிய வடிவம் என்பது அவர்கள் வாதம். அந்த வரியைத் தனித்துப் படித்தால் இது பொருந்துவதாகவே தோன்றும். அதே அட்டவணையில் ஷட்டரின் உச்ச வேகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எஃப்எம்மின் உச்சம் 1/1000, எஃப்எம்2இன் உச்சம் 1/4000. எஃப்எம்10இன் உச்சமோ 1/2000. 1/2000, 1/125 என்ற இணை எஃப்எம், எஃப்எம்2 இரண்டிலும் இல்லை. எஃப்எக்ஸ்-3இன் பிந்தைய வடிவமான யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000இலும் ஓஎம்-2000இலும் உள்ளது. வ்யூஃபைண்டரில் ஒளியளவைக் காட்டும் மூன்று விளக்குகளும் எஃப்எம்முடனான ஒற்றுமையாகச் சுட்டப்படுகின்றன. அவை எஃப்எக்ஸ்-3இலும் இருப்பதால் எந்தப் பக்கத்துக்கும் சான்றாகா. எண்கள் ஒத்துப்போவது மட்டுமே மரபுவழியை நிறுவிவிடாது என்பது உண்மை. ஆனால் எஃப்எம்மில் மோட்டார் டிரைவ் பொருத்தலாம், எஃப்எம்10இல் முடியாது. எஃப்எம்மின் எடை சுமார் 590 கிராம், எஃப்எம்10இன் எடை சுமார் 420 கிராம். நிக்கானின் ஏஐ (தானியங்கித் துளைக் குறியீட்டு) முறைக்கு முந்தைய லென்ஸ்களையும் எஃப்எம் ஏற்கும், எஃப்எம்10 ஏற்காது. திரும்பிய வடிவம் என்ற வாதம் லென்ஸ் மவுண்டிலேயே இடறுகிறது.

நிக்கானின் எஃப் லென்ஸ் மவுண்ட் இருப்பதால் எஃப்எம்10 நிக்கான்தானே என்பது அடுத்த மறுப்பு. லென்ஸ் வாங்குபவருக்கு அது போதுமான விடை. ஷட்டரும் ஒளிமானியும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அது விடையாகாது. வேறொருவரிடம் தயாரிக்கச் சொல்லி வாங்குவது தொழிலில் வழக்கம்தான் என்பதும் இவ்வாதத்தை அசைக்காது. வழக்கமாக நடப்பதாலேயே தயாரித்தவரைப் பதிவுசெய்வது இன்றியமையாததாகிறது. சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் பொருள் பிரிப்பவர் வணிக முத்திரையைப் பார்ப்பதில்லை. உலோகமா, பிளாஸ்டிக்கா என்றே பார்க்கிறார். கேமரா வரலாற்றுக்கும் பொருளிலிருந்து தொடங்கும் அந்தப் பார்வை வேண்டும். அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் வணிகப் பெயர், உடலைத் தயாரித்தவர், மவுண்ட் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவுசெய்தால், எஃப்எம்10 எஃப்எம்2இன் பக்கத்தில் அல்ல, ஓஎம்-2000இன் பக்கத்தில் இடம்பெறும்.