படைப்புழு

2018-இல் கர்நாடகத்தில் தலைகாட்டி, அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளக் கொல்லைகளைச் சூறையாடிய அமெரிக்கப் புழுவுக்குப் ‘படைப்புழு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கிய சொல். ‘படை’யின் பழைய பொருள்களில் ஒன்று ஆயுதம். படைக்கலம், குழந்தைக்குக் கட்டும் ஐம்படைத்தாலி எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆயுதத்தைச் சொன்ன சொல்லே அதை ஏந்திய கூட்டத்துக்கும் ஆகிவந்தது. காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் போர்களாகச் செதுக்கியிருப்பது அந்தப் படையைத்தான். சொறி, சிரங்கோடு சேர்த்துச் சொல்கிற படை வேறு. அதுவும் பரவத்தான் செய்கிறது என்பது தனி வேடிக்கை. சரி, புழுவுக்கு வருவோம். தலையில் கவிழ்த்துப் போட்ட ‘ஒய்’ எழுத்து, வால்பக்கம் சதுரமாய் நான்கு கரும்புள்ளிகள். குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். பக்கத்தில் தன் இனப் புழு இருந்தால் அதையும் கடித்துத் தின்னும். முற்றிய புழு ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். இதுவா படை? 2020-இல் ராஜஸ்தானில் வெட்டுக்கிளிகள் இறங்கியதைப் ‘படையெடுப்பு’ என்றால் தகும். இதற்குக் ‘குருத்துப்புழு’ பொருந்தும் என்பேன். ஆனால் நெல்லிலும் கரும்பிலும் குருத்துப்பூச்சி ஏற்கெனவே இருக்கிறது, மருந்துக் கடையில் குழப்பம்தான் வரும். ஆக, படைப்புழுவே இருக்கட்டும். காஞ்சித் தறிக்கு நூல் தரும் பட்டுப்புழுவைக் கூட்டோடு ஆவியிலும் கொதிநீரிலும் கொல்பவர்கள் நாம். அங்கே மட்டும் போர்ச்சொல் ஒன்றும் கிடையாது. கூடு, நூல், பாவு, ஊடை என்று எல்லாமே சாதுவான தொழிற்சொற்கள்.