கைகுலுக்கலுக்கும் கையெழுத்துக்கும் நடுவே



இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"ராஜாக்கள் கதை போதுங்க சார், ஒரு தடவை விளையாட்டு வரலாறு எழுதுங்க" என்று டல்லாஸில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஊர்ப் பக்கத்து பேஸ்பால் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸில் ஒரு வீரர் பெயர் குமார். முழுப்பெயர் குமார் ராக்கர். அப்பா டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பேர் வாங்கிய ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். அம்மா வழித் தாத்தா பாட்டி இந்தியாவில் இருந்து போய்க் குடியேறியவர்கள். 2021-இல் இந்தக் குமாருக்கு நடந்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பேஸ்பால் தெரியாதவர்களும் படிக்கலாம். விலை பேசி முடித்த பிறகு எழுத்தில் வராமல் போன ஒப்பந்தத்தின் கதை இது. நம் ஊர்க்காரர்களுக்கு அது புதிது இல்லை.

முதலில் அவர்கள் முறையைப் புரிந்துகொள்வோம். ஐ.பி.எல். ஏலத்தை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒரு வீரருக்கு நாலு அணி போட்டி போடும், விலை ஏறும். அமெரிக்காவில் புது வீரர்களை எடுப்பது அப்படி இல்லை. அதற்கு "டிராஃப்ட்" என்று பெயர். பள்ளி, கல்லூரியில் ஆடும் இளைஞர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு என்பதுதான் நெடுங்கால வழக்கம். ஒரு அணி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த ஆண்டு நீங்கள் அந்த அணியோடு மட்டும்தான் சம்பளம் பேச முடியும். குறித்த தேதிக்குள் ஒத்துவராவிட்டால் அடுத்த டிராஃப்ட் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த முறை வந்தது 1965-இல். அதற்கு முன் யார் வேண்டுமானாலும் யாரையும் விலை பேசலாம். 1964-இல் ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி மாணவருக்கு ஏஞ்சல்ஸ் அணி 2,05,000 டாலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. அணி முதலாளிகள் பயந்துபோனார்கள். பலவீனமான அணிக்கும் நல்ல ஆள் கிடைக்கட்டும் என்பது வெளியே சொன்ன காரணம். புது ஆட்களுக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கடிவாளம் போடுவது இன்னொரு காரணம். வாங்குபவர் ஒருவராகிவிட்டால் விலை தானாக இறங்கும் என்பது சந்தைக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

இப்போது குமாருக்கு வருவோம். அவர் பிட்சர், அதாவது பந்தை எறிபவர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும்போதே, 2019 ஜூனில் டியூக் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஒரு "ஹிட்" கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். ஒரு ஆட்டத்தில் எதிரணியின் 27 பேரை வெளியேற்ற வேண்டும். அதில் 19 பேரை மட்டையில் பந்து சரியாகப் படவே விடாமல் தானே அனுப்பினார். அந்த ஆண்டு கல்லூரிகளுக்கான உலகத் தொடரை வாண்டர்பில்ட் வென்றது. தொடரின் சிறந்த வீரர் குமார்தான்.

2021 ஜூலை 11-ஆம் தேதி டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அணி தன் முதல் தேர்வாக, மொத்த வரிசையில் 10-ஆவது ஆளாக, குமாரை எடுத்தது. இரண்டு தரப்பும் 60 லட்சம் டாலருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்றைய மதிப்பில் 44 கோடி ரூபாய்க்கு மேல். பையனுக்கு வயது 21. அப்புறம் மருத்துவப் பரிசோதனை. எறியும் கையைப் பார்த்த அணியின் மருத்துவர்களுக்குத் திருப்தி இல்லை. வீரரின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ், தங்கள் மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள், கை நன்றாகவே இருக்கிறது என்றார். ஆகஸ்ட் 1 கடைசி நாள். அன்றைக்கு மெட்ஸ் தொகையைக் குறைத்துக்கூடக் கேட்கவில்லை. எந்தத் தொகையும் சொல்லவில்லை. நாள் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைதான் ஞாபகம் வந்தது. சித்திரையில் மாரியம்மன் தேரோடு கூடும் அந்தச் சந்தையில் காங்கேயம் மாடு வாங்குபவர் முதலில் என்ன செய்வார்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். எல்லாம் பார்த்த பிறகுதான் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது. அச்சாரம் கை மாறிவிட்டால் அப்புறம் பல் சரியில்லை என்று திரும்பி வர முடியாது. அமெரிக்காவில் நடந்தது தலைகீழ். விலையை முதலில் பேசிவிட்டார்கள், பல்லை அப்புறம் பார்த்தார்கள்.

ஆனால் வரலாறு படித்தவர்கள் ஒரு பக்கம் மட்டும் கேட்கக் கூடாது. டிராஃப்டுக்கு முன்பே கையை ஸ்கேன் எடுத்து எல்லா அணிகளுக்கும் காட்டும் ஏற்பாடு அப்போது இருந்தது. அது கட்டாயம் இல்லை. குமார் தரப்பு அதைக் கொடுக்கவில்லை. பல்லைக் காட்டாமல் மாட்டைச் சந்தைக்குக் கொண்டு வந்தது இவர்கள் தரப்பு என்று மெட்ஸுக்காகவும் வாதாடலாம். விதியும் அதற்கேற்றாற்போல் இருந்தது. ஸ்கேன் கொடுத்திருந்தால் அணி குறைந்தபட்சம் அந்த இடத்துக்கு நிர்ணயித்த தொகையில் 40 சதவீதமாவது சொல்லியாக வேண்டும். கொடுக்காததால் ஒன்றும் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம்.

சரி, ஒப்பந்தம் முறிந்ததில் யாருக்கு என்ன நஷ்டம்? இதைத்தான் எப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மெட்ஸுக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் 11-ஆவது இடம் ஈடாகக் கிடைத்தது. ஒரு படி கீழே, அவ்வளவுதான். அதை வைத்து 2022-இல் கெவின் பராடா என்ற வீரரை எடுத்தார்கள். அணிக்குப் போனது ஒரு ஆண்டு. அணி எத்தனை ஆண்டும் இருக்கும். எறியும் கைக்கு அப்படி இல்லை. அதன் ஆயுள் சொற்பம். அதில் ஒரு ஆண்டு போனால் போனதுதான்.

இதற்கு முன்னால் 2014-இல் இன்னும் பெரிய விஷயம் நடந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அந்த ஆண்டின் முதல் தேர்வாக பிராடி ஐக்கன் என்ற பள்ளி மாணவரை எடுத்தது. பேசிய தொகை 65 லட்சம் டாலர். பரிசோதனையில் முழங்கைத் தசைநார் சரியாக இல்லை என்று தொகையைக் குறைத்தார்கள். கடைசியில் 50 லட்சம் வரை வந்தார்கள். பையன் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை 18-ஆம் தேதியோடு முடிந்தது.

அதில் இன்னொரு பையனும் மாட்டிக்கொண்டான். அவன் பெயர் ஜேக்கப் நிக்ஸ். ஐந்தாவது சுற்றில் அதே அணி எடுத்த இவனுக்கு 15 லட்சம் டாலர் பேசியிருந்தார்கள். இவன் கையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு அணி புது ஆட்களுக்கு மொத்தம் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கான ஒதுக்கீடும் அந்த மொத்தத்தில் இருந்து கழிந்துவிடும். ஐக்கன் போனதும் நிக்ஸுக்குக் கொடுக்கக் கணக்கில் இடம் இல்லாமல் போனது. பெரியவர்கள் கணக்கில் சிறியவன் அடிபடுவது என்றால் இதுதான்.

ஆஸ்ட்ரோஸுக்கு என்ன ஆனது? ஈடாகக் கிடைத்த 2015-இன் இரண்டாவது இடத்தில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தார்கள். 2017-இல் உலகத் தொடர் வென்ற அணியில் அவர் தூண். ஐக்கனுக்கு 2015 மார்ச்சில் முழங்கை அறுவை சிகிச்சை. பிறகு கிளீவ்லாந்து அணி எடுத்தும் அவர் மேஜர் லீக் வரை வரவே இல்லை. மருத்துவர்கள் பயந்தது நடந்தது. நிக்ஸ் மறு ஆண்டு சான் டியேகோவில் சேர்ந்து 2018-இல் மேஜர் லீகில் ஆடினார்.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வரும் கதை ரவீந்திர ஜடேஜாவுடையது. 2008-இல் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் இருந்த பையன். 2010-இல் ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடாமல் வேறு அணியோடு பேச முயன்றார் என்று அந்த சீசன் முழுவதும் ஆடத் தடை போட்டார்கள். அப்போது அவருக்கும் வயது 21. அங்கே அணி பின்வாங்கியது, இங்கே வீரர். ஆனால் ஒரு ஆண்டு போனது இரண்டு இடத்திலும் வீரருக்குத்தான். ஜடேஜா மீண்டு வந்த கதை உங்களுக்கே தெரியும். 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தார். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்தபோது நம் தெருவில் வெடித்த பட்டாசு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. 2025 நவம்பரில் அதே ராஜஸ்தானுக்கே திரும்பப் போய்விட்டார் என்பது தனிக் கதை.

நம் ஊரையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுப்பார், தறிக்காரர் நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். 2014-இல் பேசிய கூலி உயர்வு முழுதாக வரவில்லை என்பது தறிக்காரர்களின் நெடுநாள் குறை. 2021 நவம்பரில் மறுபடியும் பேச்சுவார்த்தை நடந்து உயர்வு அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அந்த நாட்களில் பல்லடம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அமைதி என்றால் வருமானம் இல்லை என்று அர்த்தம். தறி நின்றால் கடனுக்கு வட்டி நிற்காது, கரண்ட் பில்லும் நிற்காது. பேச்சு இழுக்க இழுக்க யாரால் காத்திருக்க முடியுமோ அவர் கைதான் ஓங்கும். மெட்ஸ் அணியும் குமாரும் உட்கார்ந்த மேசையும் அதே மேசைதான்.

குமார் காத்திருந்த ஆண்டில் என்ன செய்தார்? கல்லூரிக்குத் திரும்பிப் போகவில்லை. 2021 செப்டம்பரில் தோளில் ஒரு சிறிய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆக அணி மருத்துவர்களின் சந்தேகம் வெறும் சாக்கு என்றும் சொல்ல முடியாது. 2022-இல் அதே நியூயார்க் மாநிலத்தின் டிராய் என்ற சிறு நகரில், ட்ரை-சிட்டி வேலிகேட்ஸ் என்ற தனி லீக் அணிக்குப் போனார். சம்பளம் சொற்பம். 44 கோடி பேசப்பட்டவன் இங்கே ஆடுவதா என்று நினைக்கவில்லை. ஐந்து ஆட்டங்களில் 20 இன்னிங்ஸ் எறிந்து 32 பேரை வெளியே அனுப்பினார். கை எப்படி இருக்கிறது என்று யாரும் சான்றிதழ் கேட்கத் தேவை இல்லாமல் எல்லா அணியும் நேரில் பார்த்தன. அந்த ஜூலையில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை 3-ஆவது ஆளாக எடுத்தது. 10-ஆவது இடத்தில் கைவிடப்பட்டவர் 3-ஆவது இடத்தில்! 52 லட்சம் டாலர், உடனே கையெழுத்து.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. 2023 மே மாதம் முழங்கையில் பெரிய அறுவை சிகிச்சை, ஒரு ஆண்டுக்கு மேல் ஆட்டம் இல்லை. 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் முதல் மேஜர் லீக் ஆட்டம். நாலு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக் அவுட், ஒரே ஒரு ரன். அதற்குப் பிறகும் ஏற்ற இறக்கம்தான். பெரிய நட்சத்திரமாக ஆவாரா என்பதைக் காலம் சொல்லட்டும்.

ஆக, மெட்ஸ் பயந்ததில் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். பயம் நியாயமானது என்பதால் நடந்துகொண்ட விதமும் நியாயம் ஆகிவிடுமா? பேசியவர்கள் திரும்பக் கூப்பிட்டு, கை இப்படி இருக்கிறது, இவ்வளவுதான் தர முடியும் என்று ஒரு தொகை சொல்லியிருக்கலாம். ஆஸ்ட்ரோஸ் அதையாவது செய்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி கடைசியில் இருக்கிறது. 2022-இல் வீரர்கள் சங்கமும் லீகும் போட்ட புது ஒப்பந்தத்தில் விதியை மாற்றினார்கள். முன்னணி 300 இளைஞர்களில் யார் டிராஃப்டுக்கு முன்பே உடல் பரிசோதனை கொடுக்கிறார்களோ, அவர்களை எடுக்கும் அணி நிர்ணயித்த தொகையில் 75 சதவீதமாவது தந்தாக வேண்டும். அப்புறம் மருத்துவத்தைக் காரணம் காட்டிக் கைவிட முடியாது. பல்லை முதலில் பார், விலையை அப்புறம் பேசு, பேசினால் மாறாதே. கண்ணபுரத்து விதி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! ஒருவருக்கு நடந்த அநியாயம் விதியாக மாறி அடுத்தவரைக் காப்பாற்றினால், அதற்குத்தான் சங்கம், சட்டம், வரலாறு எல்லாம்.

கண்ணுகளா, இதை எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் கேம்பஸில் தேர்வாகி, ஆஃபர் லெட்டரும் வாங்கி, சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். வீட்டில் இனிப்புக் கொடுத்து, கடன் வாங்கி வண்டியும் எடுத்துவிட்டார்கள். அவர்கள் பெற்றோரில் சிலர் என் பழைய மாணவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கையெழுத்து ஆகும் வரை பேச்சை நம்புங்கள், ஆனால் அதை வைத்துக் கடன் வாங்காதீர்கள். இது முறிந்தால் எனக்கு என்ன போகும், அவர்களுக்கு என்ன போகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முறிந்தால் சும்மா உட்காராமல் டிராய் மாதிரி ஒரு சின்ன ஊரில், சின்ன வேலையில் கையை ஓட்டிக்கொண்டே இருங்கள்.

நாளைக்கு நீங்களே முதலாளி ஆகி நாலு பேருக்கு வேலை கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தால், பல்லை முதலில் பாருங்கள் சாமி. பேசிய பிறகு பார்க்காதீர்கள்.

டல்லாஸ் தம்பி, அடுத்த முறை மைதானத்துக்குப் போனால் குமார் எறிவதை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடு. மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் மார்க் குறைக்க மாட்டேன்.