போகாமல் அளந்த வானம்: காமா கதிர் வெடிப்புகளும் உதகை மலையும்

மலர்க் குழுவினர் இட்ட பணியைத் தலைமேல் ஏற்று எழுதும் இக்கட்டுரையில் மலேசியச் செமினி ஊரின் தோட்டங்கள், கோவில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் வரலாற்றை நான் தொடப்போவதில்லை. அவற்றை இவ்வூரார் என்னைவிட நன்கறிவர். நான் எடுத்துக்கொள்வது புறநானூற்றின் முப்பதாம் பாட்டு தரும் ஒரு சிந்தனை. சோழன் நலங்கிள்ளியைப் பாடும் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிறு செல்லும் வழியையும் அதன் விரைவையும் காற்று இயங்கும் திசையையும் தாங்குவாரின்றி நிற்கும் வானத்தையும், நேரில் போய் அளந்து வந்தவர்களைப்போல இவ்வளவு என்று கணித்துச் சொல்வோர் உண்டு என்கிறார். அத்தகையோருக்கும் எட்டாதது மன்னனின் வலிமை. யானை தன் கதுப்பில் அடக்கிய கல்போல அது வெளியே தெரிவதில்லை. இப்பாட்டைப் படிப்பவர்கள் பெரும்பாலும் மன்னனின் அடக்கத்தை வியந்து மேலே போய்விடுகிறார்கள். முதற்பகுதியல்லவா பெரிது! போகாத இடத்தை அளக்கலாம் என்பதை எல்லாரும் ஒப்பிய செய்தியாக வைத்துக்கொண்டு புலவர் அதன்மேல் பாட்டைக் கட்டுகிறார். காமா கதிர் வெடிப்புகளைத் தரையிலிருந்து ஆராயும் இன்றைய அறிவியல் அந்த நம்பிக்கைக்கு வந்த மிகக் கடுமையான சோதனை. அச்சோதனையில் குறுக்கே நின்ற காற்று மண்டலமே கருவியாக மாறியது என்பதும், அந்த மாற்றத்தில் தமிழ்நாட்டு மலையொன்றுக்கும் பங்குண்டு என்பதும் என் கருத்து.

அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா வான்கலங்கள், 1967 ஜூலை 2 அன்று விண்வெளியிலிருந்து வந்த காமா கதிர் வீச்சொன்றைப் பதிந்தன. செய்தி வெளியானது 1973இல். பெரிய விண்மீன் தன் எடை தாளாமல் உள்ளே இடிந்து விழும்போதோ, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போதோ, ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் ஒரு தாரை பீறிடுகிறது. அது நம் திசை நோக்கியிருந்தால் வெடிப்பாகத் தெரிகிறது. காமா கதிர் நேராகத் தரைக்கு வருவதில்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்று, பத்து மீட்டர் ஆழ நீருக்கு நிகரான கனம் உடையது. ஆகவே வான்கலங்களே போதுமே, தரையில் எதற்குத் தொலைநோக்கி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடை பரப்பில் இருக்கிறது. 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி வான்கலத்தின் பெரிய கருவி கதிர்களைப் பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். ஆற்றல் கூடக் கூடக் காமா கதிர்த் துகள்கள் அரிதாகிவிடும். 2013 ஏப்ரல் 27இன் பெரும் வெடிப்பில்கூட அது கண்ட உச்சம் 9,500 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒற்றைத் துகள். அதற்கு மேலே என்ன நடக்கிறது என்பதை அறிய இன்னும் பெரிய வலை வேண்டும். அந்த வலையைக் காற்று இலவசமாகத் தருகிறது. உயரே நுழையும் காமா துகள் ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் பிரிந்து, அவை மேலும் பெருகி, துகள் மழையாகக் கீழிறங்கும். காற்றில் ஒளி செல்லும் வேகத்தை இத்துகள்கள் மிஞ்சுவதால் நீலநிறச் செரன்கோவ் ஒளி பிறக்கும். ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நிற்கும் அந்த மின்னல், தரையில் சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் விழுகிறது. அவ்வட்டத்துக்குள் எங்கே ஒரு கண்ணாடியை நிறுத்தினாலும் அது அகப்படும்.

தரையிலிருந்து காமா கதிரை நோக்கும் முயற்சி இந்தியாவில் உதகமண்டலத்தில் வேர்விட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே 1950களிலேயே அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்கள். துடிவிண்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்ட சூட்டோடு 1969இல், தேடல்விளக்குகளில் இருந்த குழிக் கண்ணாடிகளைக் கொண்டே செரன்கோவ் ஒளியைத் தேடத் தொடங்கினார்கள். இந்தியாவின் அண்டக்கதிர் ஆய்வை வளர்த்தெடுத்தவர் பி. வி. ஸ்ரீகண்டன். அதே நிலையத்தின் பி. வி. ரமண மூர்த்தி, இயற்பியலாளர் உல்ஃபெண்டேலுடன் சேர்ந்து எழுதிய காமா கதிர் வானியல் நூல் 1986இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. முப்பதாண்டுக்கு மேல் ஆகியும் அந்நூலை விட எனக்கு மனம் வரவில்லை. எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அதில் உண்டு. 1986இல் டாட்டா நிலையக் குழுவினர் மத்தியப் பிரதேசத்துப் பச்மரிக்கும், பின்னர் லடாக்கின் ஹான்லேக்கும் போனார்கள். உதகை வெறுமையாகவில்லை. அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்னும் துகள் மழைக் களம் இரவுபகலாக இயங்குகிறது. அதில் மியூவான் என்னும் துகள்களைப் பிடிக்கும் தொலைநோக்கியின் பரப்பு 560 சதுர மீட்டர். 2014 டிசம்பர் 1 அன்று மலைமேல் நின்ற இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அக்கருவி மியூவான்களைக் கொண்டே கணக்கிட்டது. மேகத்துக்குள் யாரும் போகவில்லை. சாத்தனார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் நியூட்ரினோவைப் பிடித்தவர்களும் இதே மரபினர். அச்சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதைத் தோட்டத் தமிழர் வழிவந்த நாம் மறக்கலாகாது.

இத்தனை செய்தும் பல்லாண்டு காலம் தரைக் கருவிகளுக்கு உறுதியான வெடிப்பு ஒன்றுகூட அகப்படவில்லை. பணம் வீணல்லவா என்று சிலர் கேட்டார்கள். வெடிப்பு எங்கே எப்போது நிகழும் என்பது முன்கூட்டித் தெரியாது. தொலைவிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்கள், வழியில் விண்மீன் ஒளியோடு மோதிக் கரைந்துவிடும். செரன்கோவ் தொலைநோக்கி இருட்டிலேயே வேலை செய்யும், ஒரு நேரத்தில் வானத்தின் சிறு துண்டையே பார்க்கும். ஆகவே அகப்படாத ஒவ்வோர் இரவும், கருவி இன்னும் தாழ்ந்த ஆற்றலைக் காண வேண்டும், இன்னும் விரைந்து திரும்ப வேண்டும் என்று கற்பித்தது. 2019 ஜனவரி 14 அன்று, வான்கலத்தின் எச்சரிக்கை கிடைத்த ஒரு நிமிடத்துக்குள் கேனரித் தீவின் மேஜிக் தொலைநோக்கிகள் திரும்பி, ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் அளவுவரை வெடிப்பொன்றின் ஒளியைக் கண்டன. காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் தாம் உமிழ்ந்த ஒளியையே மறுபடி மோதி உயர் ஆற்றலுக்குத் தள்ளுகின்றன என்ற கணிப்புக்கு வலுவான சான்று அப்போது கிடைத்தது. வான்கலத்தால் மட்டும் அது இயன்றிராது.

2022 அக்டோபர் 9 இதைவிடப் பெரிய நாள். அன்று இன்னொரு வெடிப்பின் கதிர்கள் வந்து சேர்ந்தன; பௌர்ணமியும் அன்றே. நிலவொளியால் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் 53 மணி நேரம் கழித்தே அந்த வெடிப்பை நோக்க முடிந்தது. சீனாவின் சிச்சுவான் மலையில் 4,410 மீட்டர் உயரத்திலுள்ள லாசோ களத்துக்கு நிலவு ஒரு தடையில்லை; துகள் மழையையே அது நீர்த்தொட்டிகளில் பிடிக்கிறது. முதல் 3,000 நொடிகளுக்குள் 64,000க்கும் மேற்பட்ட துகள்களைப் பதிந்து, ஒளி ஏறி இறங்கியதை முழுமையாக வரைந்து, தாரையின் அரைக்கோணம் 0.8 பாகை என்றும் கணித்தது. மலேசிய நேரப்படி அப்போது இரவு 9.17. லாசோ நிற்கும் தீர்க்கரேகைக்கு அருகில்தான் செமினியும் இருக்கிறது. ஆகவே அதே வெடிப்பு நம் தலைக்கு மேலே, மேற்கே சற்றுச் சாய்ந்து நின்றது. அத்துகள்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் மேலும் மழையாய்ச் சிதறியிருக்கும். தாழ்நிலத்துக் கனத்த காற்று அவற்றை உறிஞ்சியிருக்கும்.

பக்தர்களிடமிருந்து வரும் மறுப்பு வேறு வகையானது: எல்லாம் நம் திருமுறையில் உள்ளதே என்பார்கள். மணிவாசகர் திருவண்டப்பகுதியில், வீட்டுக்குள் நுழையும் வெயிற்கீற்றில் மிதக்கும் துகள்களைப்போல அண்டங்கள் எண்ணிறந்து பரந்திருப்பதாகவும், அவை அனைத்தும் சிறியவாகும்படி இறைவன் பெரியவன் என்றும் பாடுகிறார். இதைவிட விரிந்த மனத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆயினும் அதில் லாசோவின் எண்கள் இருப்பதாகச் சொல்வது பெருமானுக்கும் பெருமை சேர்க்காது, மணிவாசகருக்கும் சேர்க்காது. வியப்பை அவர் தந்தார். அளப்பது நம் வேலை.

நம் நாட்டில் கருவி நிறுத்த உயர்ந்த, வறண்ட மலை இல்லையே, நமக்கென்ன என்பது கடைசிக் கேள்வி. ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. கேனரித் தீவிலும் நமீபியாவிலும் பகலாக இருக்கும் நேரத்தில் வரும் வெடிப்பை அது இரவில் பார்க்க இயலும். அங்கே வேலை செய்ய மலை நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை, இயற்பியலும் கணிதமும் நம்முடையவையாக இருந்தால் போதும். ஃபெர்மியின் பதிவுகள் யாரும் எடுத்தாளும்படி இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. ஆறாம் படிவத்தில் இயற்பியல் எடுக்கும் நம் பிள்ளைகள் அதைத் திறந்து 2013 ஏப்ரல் 27இன் அந்த ஒற்றைத் துகளைத் தேடிப் பிடிக்கட்டும். அதற்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரை அமர்த்தும் செலவைச் செமினிப் பெருமக்கள் ஏற்றால், இந்த மலருக்கு உண்டான செலவைவிட அது கூடிவிடாது.