ஊர்வாயும் வெள்ளித்திரையும்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பர் நம் முன்னோர். திரைப்பட வரலாற்றுக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். சுவரொட்டியும் துண்டறிக்கையும் மக்களைக் கொட்டகை வாயில்வரை அழைத்து வரலாம். ஆயினும், முதற்காட்சி கண்டு வெளியேறுவோர் கூறும் சொல்லே அடுத்த காட்சியின் இருக்கைகளை நிரப்புகிறது, அல்லது வெறுமையாக்குகிறது.

செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், ஒரு படத்தின் தரத்தை அறிவித்தவை பெரட்டுக் களமும், பால் நிறுக்கும் கொட்டகையும், லயத்துக் குழாயடியுமே ஆகும். பட்டணத்தில் படம் பார்த்துவிட்டு மிதிவண்டியில் திரும்பியவர், மறுநாள் விடியலில் அதனைப் பிறர்க்கு உரைப்பார். அச்சொல் அடுத்த தோட்டத்தை அடைய ஒரு திருமணமோ திருவிழாவோ வரவேண்டும். சொன்னவர் யார், அவர்தம் சுவை எத்தகையது என்பதைக் கேட்டவர் நன்கறிவார். அன்றைய வாய்மொழி மெல்ல நடந்தது. ஆனால், முகவரியோடு நடந்தது.

அந்த மெல்லிய நடையே பல நல்ல படங்களைக் காத்தது எனின் மிகையாகாது. 1978 ஆகஸ்டு 15இல் வெளிவந்த மகேந்திரனின் முதற்படமான ‘முள்ளும் மலரும்’ தொடக்க வாரங்களில் போதிய வரவேற்பைப் பெறவில்லை. விளம்பரத்தைப் பெருக்குமாறு வேண்டியபோது, நல்ல படத்திற்கு விளம்பரம் தேவையில்லை என்று தயாரிப்பாளர் வேணு செட்டியார் மறுத்துவிட்டதாக மகேந்திரன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பார்த்தவர்களின் பேச்சாலேயே கூட்டம் பெருகி, அப்படம் நூறு நாள்களைக் கடந்தது. புதுமுகங்கள் நடித்த ‘ஒரு தலை ராகம்’ 1980இல் வெளிவந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. முதலில் தளர்ந்து கிடந்த அப்படத்தை, மாணவர்களின் நாவே ஓராண்டு ஓடச் செய்தது.

இன்று குழாயடியின் இடத்தைப் புலனமும் முகநூலும் வலையொளியும் பிடித்துவிட்டன. இடைவேளை மணி அடிக்கும் முன்னரே தீர்ப்பு கடல் கடந்து விடுகிறது. தீர்ப்பளித்தவர் படத்தைப் பார்த்தவர்தாமா என்பதுகூடத் தெரிவதில்லை. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளிவந்து கடுமையான விமர்சனங்களைச் சந்தித்தபின், படம் வெளியாகும் முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடை செய்யுமாறு தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். கருத்துரிமையைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. அன்று மூன்றாவது வாரம் வரை காத்திருந்த கலை, இன்று மூன்று நாள் தவணை கேட்டு மன்றாடுகிறது.

ஆயினும், இவ்விரைவு எளியோர்க்கும் துணை நிற்பதுண்டு. நம் நாட்டின் ‘ஜகாட்’ அதற்குச் சான்றாகும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய இப்படம், தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கிய நம் மக்களின் 1990களின் தொடக்ககால வாழ்வைக் காட்டியது. தீயது எனப் பொருள்படும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் திரிந்து அதன் தலைப்பாயிற்று. 2015 டிசம்பரில், உலகெங்கும் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைகளை நிறைத்த வேளையில், அது சில அரங்குகளிலேயே வெளிவந்தது. பெரும் விளம்பரம் இல்லாத அப்படத்திற்குப் பார்த்தவர்களின் இணையப் பதிவுகளே பறையாயின. மலாய், சீன நண்பர்களும் அதனைப் போற்றினர். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மொழிவாரியாகப் படங்களைப் பிரித்தபோது, பல்லினக் கலைஞர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். விதி மாற்றப்பட்டது, சிறந்த மலேசியத் திரைப்பட விருதை ‘ஜகாட்’ வென்றது.

கருவி எதுவாயினும் சொல் நம்முடையதே. தமிழகத்துப் பெருநடிகரின் படத்திற்கு நாம் ஒரு சொல் குறைத்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். நம் மண்ணின் படத்திற்கோ, முதல் வாரத்தில் நாம் மௌனம் காத்தால் இரண்டாம் வாரமே இல்லை. ஆகவே, பார்த்தபின் பேசுவோம், பெயரோடு பேசுவோம், நம் கலைக்குக் காலத்தே பேசுவோம். முகவரியுள்ள சொல்லே நிலைத்து நிற்கும்.