ஆலிவ் ஆலைக் கழிவுநீரும் மண்வளமும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில், ஆலிவ் பழத்தை ஆட்டி எண்ணெய் எடுக்கும் பருவம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரையில் நீடிக்கிறது. அப்போது பழச்சாறும் ஆலையில் ஊற்றிய நீரும் கலந்து கரிய திரவமாக வெளிப்படுகின்றன. இதை வயலில் பாய்ச்சினால் மண் செழிக்குமா, கெடுமா என்னும் வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, அளவே இதில் பிரதானம் என்பதும், பண்டையோர் அநுபவத்தால் கண்ட அவ்வுண்மையை யந்திர யுகம் சில காலம் புறக்கணித்துப் பின்னர்ப் பரிசோதனையின் வாயிலாக மீண்டும் அடைந்தது என்பதும் புலனாகும்.

ரோமானியர் இத்திரவத்தை அமுர்கா என்று வழங்கினர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் விவசாய நூல் இயற்றிய கேட்டோ, களத்துமேட்டு மண்ணில் இதனை ஊற்றி இறுக்கினால் எறும்பு அண்டாது, புல் முளைக்காது என்றும், ஆலிவ் மரத்தின் வேரடியை ஆழமின்றிப் பறித்து, நீர் கலந்து, மரத்தின் பருமனுக்கேற்ற அளவில் இதனை ஊற்றலாம் என்றும் விதித்தார். கி.மு. 37-இல் நூல் எழுதிய வர்ரோவோ, ஆலையிலிருந்து வயலில் வழிந்தோடும் அமுர்கா மண்ணைக் கறுக்கச் செய்வதோடு, மிகுதியாகப் பாய்ந்த இடத்தை மலடாக்கியும் விடுகிறது என்றும், அதுவே மிதமான அளவில் பயிர்த்தொழிலுக்குப் பெரிதும் பயன்படுகிறது என்றும் தெளிவாகக் குறித்துள்ளார்.

சிற்றூர்ச் செக்குகளின் காலத்தில் இந்த விவேகம் போதுமானதாக இருந்தது. 1970-களில், எண்ணெய், நீர், சக்கை மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் மையவிலக்கு யந்திரங்கள் பரவியபோது நிலைமை அடியோடு மாறிற்று. வெந்நீரை ஏராளமாக வேண்டும் இம்முறையில், ஒரு டன் பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டரோ அதற்கு மேலோ கழிவுநீர் வெளியாயிற்று. ஆற்றில் விட்டால் பிராணவாயுவை உறிஞ்சி மீன்களை மடிவிக்கும் இந்நீரை ஆறுகளில் விடுவதை ஸ்பெயின் 1980-களின் தொடக்கத்தில் தடுத்து, ஆவியாக்கும் குட்டைகளை அமைத்தது. 1990-களில் நீரை மிகக் குறைவாக வேண்டும் வேறு யந்திரத்துக்கு மாறிற்று. இத்தாலியோ 1996-ஆம் ஆண்டின் 574-ஆம் சட்டத்தால், ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குப் பிழிபொறி ஆலையின் நீர் 50 கன மீட்டரும், மையவிலக்கு ஆலையின் நீர் 80 கன மீட்டரும் வரையில் நிலத்தில் பரப்ப அநுமதித்தது. நிலத்தடி நீர் 10 மீட்டருக்குள் உள்ள இடங்களையும், நீர் தேங்கிய நிலங்களையும் விலக்கி வைத்தது.

இவ்வரம்புகளின் நியாயம் மண்ணில் நிகழும் மாறுதல்களிலிருந்து விளங்கும். இந்நீர் புளிப்புத் தன்மை உடையது. சேதனப் பொருளும் பொட்டாசியமும் செறிந்தது. பீனால் பொருள்களாலும் உப்புக்களாலும் தீங்கு விளைக்க வல்லது. சுண்ணாம்புச் சத்து மிக்க மண் அப்புளிப்பை விரைவில் சமனாக்கிவிடும். பொட்டாசியமும் சேதனப் பொருளும் பெருகும். மண் துகள்கள் உறுதியாக ஒட்டித் திரளும். ஆயினும், கரியைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தம்முள் அடக்கிக்கொள்வதால் பயிர் தற்காலிகமாகப் பட்டினி கிடக்கும். பீனால்கள் விதை முளைப்பதைத் தடுக்கும். எண்ணெய்ப் பசை படிந்த மண் நீரை ஏற்க மறுக்கும்.

ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டரே பெறும் துனிசியாவின் ஸ்பாக்ஸ் பிரதேசத்து மணற்பாங்கான ஆலிவ் தோப்புகளில், ஹெக்டேருக்கு 50, 100, 200 கன மீட்டர் என்ற அளவுகளில் பல்லாண்டு நடந்த சோதனைகள், அளவு ஏறுந்தோறும் வளமும் உப்பும் ஒருங்கே ஏறுவதைக் காட்டின. அந்நாடு 2013-ஆம் ஆண்டின் ஆணையால் 50 கன மீட்டரை வரம்பாக வகுத்தது. இஸ்ரேலின் கிலாத்தில் நடந்த ஆய்வோ, பருவமும் அளவைப் போலவே முக்கியம் என்பதை மெய்ப்பித்தது: வறண்ட கோடையில் ஊற்றிய நீர் மண்ணில் நீர் ஒட்டாத தன்மையை நீடிக்கச் செய்ய, ஈரமும் மிதமான வெப்பமும் கூடிய வசந்தத்தில் ஊற்றியது நுண்ணுயிர்களால் விரைவில் சிதைந்தது.

ஆகவே, இக்கழிவுநீர் உரமென்றோ நஞ்சென்றோ பொதுவாகத் தீர்ப்புரைப்பது பொருந்தாது. மண்ணின் இயல்பு, ஊற்றும் அளவு, ஊற்றும் பருவம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து பயன்படுத்தும் விவசாயிக்கு இது உரமாகும். அகற்றினால் போதும் என்று கருதி நிலத்தில் கொட்டுகிறவனுக்கு, வர்ரோ எச்சரித்த மலட்டு நிலமே எஞ்சும்.